அடிக்காமலா சொல்லுகிறான்?

தார்நாகா என்னும் பெயருக்குப் பொருள் கேட்டால், இப்பகுதியில் நெடுநாள் வாழ்ந்த பெரியோர் ஒரு செய்தி சொல்லுவர். 'தார்' என்றால் கம்பி. 'நாகா' என்றால் காவற்சாவடி. நிஜாம் காலத்தில் இங்கே ஒரு பெருந்தோப்பு இருந்ததென்றும், அதைச் சுற்றி முள்வேலியிட்டுக் காவல் வைத்திருந்தனரென்றும், அதனால் இப்பெயர் வழங்கலாயிற்றென்றும் கூறுவர். தோப்பும் போயிற்று, வேலியும் போயிற்று. இன்று சாலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. காவல் மட்டும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

காவற்சாவடியின் பெயரைத் தாங்கிய ஊரில் இத்தனை ஆண்டு வாழ்ந்தும், காவலரைப் பற்றி நாம் ஆழ்ந்து சிந்தித்ததில்லை. சென்ற மாதம் ஒரு தொலைக்காட்சி நாடகமும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த நம் தாயார் கேட்ட ஒரு கேள்வியும் நம்மைச் சிந்திக்க வைத்தன. அதனை நம் சங்கத்து அன்பர்களிடம் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். சொல்லுவதில் நமக்குப் பெருமை ஒன்றும் இல்லை என்பதை முன்னரே கூறிவிடுகிறோம்.

அந்த நாடகம் அமெரிக்காவில் 2002 மார்ச் முதல் 2008 நவம்பர் வரை எஃப்எக்ஸ் அலைவரிசையில் ஒளிபரப்பானது. பெயர் 'தி ஷீல்டு'. கேடயம் என்பது பொருள். காவலர் அணியும் சின்னத்துக்கும் அந்நாட்டில் அதே பெயர் உண்டு. ஷான் ரயன் என்பவர் படைத்த இந்நாடகம் ஏழு பருவங்களில் 88 பகுதிகளாக வந்தது. நம் மகன் அதைத் தேடிக் கொணர்ந்து தொலைக்காட்சியில் இணைத்துத் தர, இரவு உணவுக்குப் பின் நாள்தோறும் ஒரு பகுதியாகப் பார்த்துவந்தோம். குடும்பத்தோடு காணத்தகாத காட்சிகள் வரும்போது அவன் வேகமாகத் தள்ளிவிடுவான். நம் தாயாருக்கு ஆங்கிலம் வாராது. ஆயினும் கூடத்தில் எல்லாரும் கூடியிருக்கையில் அவர் தனித்திருக்க விரும்புவதில்லை. சாய்வு நாற்காலியில் அமர்ந்து, முகங்களைப் பார்த்தே கதையை ஒருவாறு தெரிந்துகொள்வார்.

கதை முழுதும் கற்பனையன்று. லாஸ் ஏஞ்செல்ஸ் நகரின் ராம்பார்ட் வட்டாரத்தில், கொள்ளைக் கூட்டங்களை அடக்குவதற்கென்று அமைத்த தனிப்படைக் காவலரே கொள்ளையராய் மாறிய செய்தி 1990-களின் இறுதியில் வெளிப்பட்டது. காவல்துறையின் பாதுகாப்பிலிருந்த கொகெய்ன் பொட்டலங்களைத் திருடிய குற்றத்துக்காக 1998-இல் கைதான ரஃபேல் பெரெஸ் என்ற அதிகாரி, தமக்குத் தண்டனை குறையும் என்ற உடன்படிக்கையின்மேல் வாய் திறந்தார். அதன் பின்னரே பொய் வழக்குகளும், சான்றுகளைத் தாமே வைத்துப் பிறரைச் சிக்கவைத்த செயல்களும் ஒவ்வொன்றாய் வெளிவந்தன. 70-க்கும் மேற்பட்ட காவலர்மீது ஐயம் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்ட தண்டனைத் தீர்ப்புகள் தள்ளுபடியாயின. இந்த ஊழலின் நிழலிலேதான் நாடகம் பிறந்தது.

நாடகத்தின் தலைவன் விக் மக்கி என்னும் காவல் அதிகாரி. முதற் பகுதியிலேயே, காணாமற்போன ஒரு சிறுமி எங்கே இருக்கிறாள் என்பதை அறிய, ஒருவனை அறையில் அடைத்து அடித்து உண்மையை வாங்குகிறான். சிறுமி பிழைக்கிறாள். அதே பகுதியின் முடிவில், தன் திருட்டுக்களை மேலிடத்துக்குத் தெரிவிக்க வந்த சக காவலனைச் சுட்டுக் கொல்லுகிறான். இரண்டையும் ஒரே இரவில் பார்த்தோம். ஆனால் நம் மனம் செய்த வேலையைக் கேளுங்கள். சிறுமியை மீட்டதை நினைவில் வைத்தது. கொலையைச் சிறிது சிறிதாக மறந்தது. பத்துப் பகுதிகள் கழிவதற்குள், அந்த மனிதன் அகப்பட்டுக்கொள்ளலாகாதே என்று நாமே கவலைப்படலானோம்!

இது நாடகத்தின் மாயம் என்று தள்ளிவிட இயலவில்லை. ஏனெனில் இதே மாயம் நம் ஐதராபாத்திலும் ஒரு நாள் நடந்தது. 2019 நவம்பர் இறுதியில் நகருக்கு வெளியே ஓர் இளம் கால்நடை மருத்துவருக்கு நேர்ந்த கொடுமையைக் கேட்டு நாடே துடித்தது. அதற்காகப் பிடிபட்ட நால்வரும் டிசம்பர் 6-ஆம் நாள் விடியற்காலையில் ஷாத்நகரை அடுத்த சட்டான்பள்ளியில் காவலரால் சுடப்பட்டு இறந்தனர். அன்று மக்கள் அங்கே சென்று காவலர்மீது மலர் தூவினர். நாம் மலர் தூவவில்லை. ஆனால் நம் வீட்டில் அன்று காலை இனிப்பு வாங்கினோம் என்பதை மறைப்பானேன்? உச்சநீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்பூர்க்கர் ஆணையம் 2022-இல் தன் அறிக்கையை அளித்தது. அந்நால்வரும் கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டனர் என்றும், அவர்களுள் மூவர் அப்போது சிறுவர் என்றும், பத்துக் காவலர்மீது கொலை வழக்கு விசாரணை வேண்டும் என்றும் ஆணையம் கூறியது. அறிக்கையை நாளிதழில் படித்த அன்று, நாம் உண்ட இனிப்பு நினைவுக்கு வந்தது. குற்றம் செய்தவர் அவர்களேயாக இருந்தாலும், இல்லாவிட்டாலும், அதை அறியும் வழியை நாமும் சேர்ந்தன்றோ அடைத்தோம்?

நிற்க. நாடகத்துக்கு வருவோம்.

இறுதிப் பகுதிக்கு முந்திய பகுதி அது. விக் மக்கியைச் சூழ்ந்து வலை இறுகிவிட்டது. அவனோ மத்திய அரசின் குடியேற்றச் சுங்கத் துறையாரிடம் ஒரு பேரம் பேசுகிறான். பெரியதொரு போதைப்பொருள் கூட்டத்தைப் பிடித்துத் தருவதாகவும், அதற்கு ஈடாகத் தன் பழைய குற்றங்கள் அனைத்துக்கும் மன்னிப்பு வேண்டுமென்றும் கேட்கிறான். அவர்களும் கையொப்பமிட்டு விடுகின்றனர். மன்னிப்பு ஒருவனுக்கே கிடைக்கும் என்ற நிலையில், தன்னை நம்பிக் கடைசிவரை உடனிருந்த தோழனைக் கைவிட்டு, தனக்கென்று வாங்கிக்கொள்கிறான். பின்னர் ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்கிறான். எந்தக் குற்றத்தை வாய்விட்டுச் சொல்லுகிறானோ அதற்குத்தான் மன்னிப்பு என்பது நிபந்தனை. ஆகவே எல்லாவற்றையும் சொல்லவேண்டும். நெடுநேரம் மௌனமாயிருக்கிறான். பிறகு, முதற் பகுதியில் தான் செய்த அந்தக் கொலையிலிருந்து தொடங்குகிறான். சொல்லிக்கொண்டே போகிறான். எதிரே அமர்ந்த பெண் அதிகாரியின் முகம் வெளிறுகிறது. எத்தகையவனுக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று அவர் அப்போதுதான் உணர்கிறார். ஆனால் மை உலர்ந்துவிட்டது.

நம் வீட்டுக் கூடத்தில் எவரும் அசையவில்லை. அப்போது நம் தாயார் கேட்டார்: "இவன் ஏம்மா இவ்வளவு நேரம் பேசுறான்?"

"தான் செஞ்ச தப்பையெல்லாம் ஒத்துக்கறான், பாட்டி" என்றாள் நம் மகள்.

"அடிக்காமலா சொல்றான்?"

மகள் சிரித்துவிட்டாள். "அடிக்கல பாட்டி. சொன்னா தண்டனை இல்லேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அதனால சொல்றான்."

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, நம்மைப் பாராமல், திரையைப் பார்த்தபடியே, "நம்ம ஊர்ப் பிள்ளைங்களை அடிச்சில்ல சொல்ல வைக்கிறாங்க. அந்த இட்லிக்கடைப் பையன் அப்புறம் என்ன ஆனான்?" என்றார்.

நாம் விடை சொல்லவில்லை. நாடகம் முடிந்தது, எல்லாரும் உறங்கச் சென்றனர். நமக்கு உறக்கம் வரவில்லை. இட்லிக்கடைப் பையனைப் பற்றிச் சொல்லுமுன், அதனோடு தொடர்புடைய வேறொரு கதையைச் சொல்ல வேண்டும். அன்பர்களுள் பலர் அறிந்த கதையே அது.

1980-களில் கோவைப் பக்கத்து இளைஞர் ஒருவர் பிழைப்பு நாடிக் குண்டூருக்கு வந்தார். மு. சந்திரகுமார் என்பது அவர் பெயர். குற்றமொன்றும் அறியாத அவரையும் அவர் தோழர்களையும் காவலர் பிடித்துச் சென்று, ஒரு திருட்டை ஒப்புக்கொள்ளும்படி பல நாள் வதைத்தனர். பின்னாளில் கோவையில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்த அவர், தம் அனுபவத்தை 'லாக்கப்' என்ற நூலாக எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பெற்று, 2016 பிப்ரவரியில் இங்கே வெளியாயிற்று. சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதும் பெற்றது.

படத்தில் வரும் இளைஞர்கள் குண்டூர்ப் பூங்காவில் படுத்துறங்குகிறவர்கள். பெரிய வீடொன்றில் திருட்டு நடக்கிறது. வழக்கை விரைவில் முடிக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்குகின்றனர். அதற்கு ஆட்கள் வேண்டும். கேட்பாரற்றவர் எவர்? வேற்று மொழி பேசுவோர், முகவரி இல்லாதோர், 'இவனை எனக்குத் தெரியும்' என்று சொல்ல அவ்வூரில் ஒருவரும் இல்லாதோர். அவர்களை அடிக்கின்றனர். எதற்காக அடிக்கின்றனர் என்பதே நெடுநேரம் அவர்களுக்குத் தெரியாது. கேள்வி தெலுங்கில் வருகிறது. அழுகை தமிழில் வெளிப்படுகிறது. முடிவில் நீதிமன்றத்தில், வேறு வேலையாக அங்கு வந்திருந்த தமிழ்நாட்டுக் காவல் ஆய்வாளர் ஒருவர் அவர்கள் சொல்லுவதை நீதிபதிக்கு மொழிபெயர்க்கிறார். அவ்வளவே. மொழி தெரிந்த ஒருவர் வாய் திறந்ததும் அவர்கள் விடுதலையாகின்றனர்.

ஆனால் படம் அங்கே முடியவில்லை. நன்றிக் கடனாக அவ்வாய்வாளருக்கு உதவி செய்து தமிழகம் திரும்பியவர்கள், அங்கே காவல் நிலையத்தைத் துப்புரவு செய்துகொண்டிருக்கையில், மேலதிகாரிகளின் பண விவகாரம் ஒன்று காதில் விழும்படி நேர்கிறது. அதுவே அவர்கள் உயிருக்கு உலையாகிறது. காப்பாற்றிய ஆய்வாளரும் தப்பவில்லை. குண்டூரில் தமிழ் அவர்களைக் காத்தது. தமிழ்நாட்டில் தமிழ் அவர்களைக் காக்கவில்லை. ஆகவே இதனை ஆந்திரர் தமிழரை வதைத்த கதை என்று கொள்ளுவது பெரும்பிழை. ஆதரவற்றவன் எம்மொழி பேசினாலும் ஆதரவற்றவனே என்பதே அப்படம் சொல்லும் செய்தி.

அதற்குச் சான்று வேண்டுமாயின் நெடுந்தொலைவு போகவேண்டாம். நம் தார்நாகாவிலிருந்து சிறிது தொலைவே உள்ள நல்லகுண்டாவில், 1978 மார்ச் மாத இறுதியில், திரைப்படம் பார்த்துத் திரும்பிய ஒரு பெண்மணியைக் காவலர் நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். அங்கே அவருக்குப் பெருங்கொடுமை இழைக்கப்பட்டது. ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த அவருடைய கணவர் அடியுண்டு இறந்தார். நகரம் கொதித்தெழுந்தது, துப்பாக்கிச் சூடும் ஊரடங்கும் தொடர்ந்தன. நீதிபதி முக்தாதர் ஆணையம் விசாரித்துக் காவலரே குற்றவாளிகள் என்று கண்டது. பிறகு வழக்கு கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கு மாற்றப்பட்டது. 1981-இல் அந்நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. அந்தப் பெண்மணி வேற்று நாட்டவரல்லர், இம்மண்ணிலேயே வாழ்ந்தவர். அவருக்கும் ஊர்மொழி இருந்தது. ஊர்மதிப்பு இல்லை.

இனி நம் தாயாரின் கேள்விக்கு வருவோம். அடிக்காமல் ஒருவன் உண்மை சொல்லுவானா?

1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை இயற்றியவர்கள் இக்கேள்வியை அறிந்திருந்தனர். காவல் அதிகாரியிடம் ஒருவன் செய்த ஒப்புதலை அவனுக்கெதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்று 25-ஆம் பிரிவில் விதித்தனர். 2024 ஜூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமமும் அவ்விதியை 23-ஆம் பிரிவில் காத்துவைத்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 20-ஆம் உறுப்போ, எவனையும் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. அங்ஙனமாயின் அடி எதற்கு? நீதிபதியின் முன் நின்று 'ஆம்' என்று சொல்லப் பழக்குவதற்கு. பொருளை எங்கிருந்தோ எடுத்து 'இவன் காட்டினான்' என்று எழுதுவதற்கு. வழக்கை முடித்துக் கட்டுவதற்கு.

மற்றொரு பக்கம், விக் மக்கிக்குக் கிடைத்தது போன்ற மன்னிப்பு நம் சட்டத்திலும் உண்டு. 'அப்ரூவர்' என்கிறோமே, அதுதான். உடன் குற்றம் செய்தவரைக் காட்டிக் கொடுத்து, அறிந்ததை முழுதும் மறைக்காமல் சொல்லுகிறவனுக்கு நீதிமன்றம் மன்னிப்பு அளிக்கலாம். சொன்ன சொல்லை மறைத்தானாயின் மன்னிப்பு போய்விடும். பெருங்குற்றங்களை வெளிக்கொணர இம்முறை தேவைப்படுகிறது என்பதை மறுக்கவில்லை. ராம்பார்ட் ஊழலும் அவ்விதமன்றோ வெளிவந்தது? ஆயினும் இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது நம் மனம் வெந்தது. குண்டூரில் குற்றமற்றவன் பிரம்பின் முன் பொய்யை ஒப்புக்கொள்கிறான், அவனுக்குச் சிறை. லாஸ் ஏஞ்செல்ஸில் குற்றவாளி வசதியான நாற்காலியில் அமர்ந்து உண்மையை ஒப்புக்கொள்கிறான், அவனுக்கு விடுதலை. முன்னவனிடம் விற்பதற்கு ஒன்றுமில்லை. பின்னவனிடம் விற்பதற்குச் செய்தி இருந்தது.

இப்போது இட்லிக்கடைப் பையன்.

2014-ஆம் ஆண்டு. நம் தெருமுனையில் சேலம் மாவட்டத்து இளைஞர் இருவர் தள்ளுவண்டியில் இட்லிக்கடை வைத்திருந்தனர். மூத்தவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். நம் தாயாரைக் கண்டால் "அம்மா, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவான். ஊர்ப் பேச்சு கேட்கும் இன்பத்துக்காகவே தாயார் அங்கே போவார். ஒரு நாள், பக்கத்துக் கட்டடத்தில் ஒரு நகை காணாமற்போயிற்று. அங்கே காலைதோறும் சிற்றுண்டி கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன். விசாரணைக்கென்று அவனை அழைத்துச் சென்றனர்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு இளையவன் நம் வீட்டுக் கதவைத் தட்டினான். "சார், நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவனுக்குத் தெலுங்கு அவ்வளவா வராது. என்னை உள்ளேயே விடமாட்டேங்கறாங்க" என்றான். நாம் அவனை உட்காரச் சொல்லவில்லை. "இரவில் போனால் ஒன்றும் நடக்காது, காலையில் பார்க்கலாம்" என்றோம். அவன் போனான். காலையில் அலுவலகத்துக்கு நேரமாயிற்று. மாலையில் களைப்பாயிருந்தது. உண்மை அதுவன்று. நமக்கு அச்சம். 'இவனுக்கு நீங்கள் யார்?' என்று கேட்டுவிட்டால் நம் பெயரும் அங்கே ஏறிவிடுமே என்ற அச்சம். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது; அதனைச் சொல்ல நாணுகிறோம். ஒருவேளை அவன் எடுத்திருப்பானோ என்ற ஐயம். இரண்டாண்டு அவன் கையால் உண்டும் அந்த ஐயம் நமக்கு எளிதாக வந்தது.

மூன்றாம் நாள் அவனை விட்டுவிட்டனர். நகை அவ்வீட்டிலேயே, அரிசி வைத்த பாத்திரத்தின் பின்னால் கிடைத்ததாம். மறுவாரம் தெருவில் அவனைக் கண்டோம். வண்டியை விற்றுவிட்டு ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். பையைத் தோளில் மாட்ட அவனுடைய இடக்கை மேலே எழவில்லை. தம்பிதான் மாட்டிவிட்டான். நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். "பரவாயில்ல சார். அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றான். போயிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை.

தாயாரிடம் நாம் சொன்னது, "ஊருக்குப் போய்விட்டானாம்" என்பது மட்டும். இளையவன் வந்து கதவைத் தட்டியதைச் சொல்லவில்லை. பல ஆண்டுகளாகச் சொல்லவில்லை.

இந்நகரில் நம்மவர் வந்து குடியேறிய வரலாற்றை எண்ணிப் பார்க்கிறோம். 1958-இல் குன்னூரிலிருந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் தார்நாகாவுக்கு மாற்றப்பட்டபோது அதனுடன் வந்த குடும்பங்கள் உண்டு. 1966-இல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய ரயில்வே அமைந்தபோது வந்தவர்கள் உண்டு. பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வகங்களுக்கும் வந்தவர்கள் உண்டு. நாமெல்லாரும் சட்டைப் பையில் அடையாளச் சீட்டோடு வந்தவர்கள். தள்ளுவண்டியோடும், கொத்துக்கரண்டியோடும், துணிமூட்டையோடும் வந்தவர்களும் நம்மவரே. பொங்கல் விழாவுக்கு அவர்களிடம் நன்கொடைச் சீட்டு நீட்டுகிறோம். மேடையில் 'தமிழன் என்றோர் இனம்' என்று பேசுகிறோம். இரவு ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்படும்போதுதான் அந்தப் பேச்சின் எடை தெரிகிறது.

அன்று நாம் சென்றிருந்தால் என்ன செய்திருக்க இயலும் என்பதைப் பின்னரே படித்து அறிந்தோம். டி. கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, கைது செய்யும் காவலர் கைக்கொள்ள வேண்டிய விதிகளை வகுத்திருக்கிறது. காவலர் தம் பெயர் தெரியும் சீட்டு அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, அதில் குடும்பத்தார் ஒருவரேனும், அவ்வட்டாரத்து மதிப்புக்குரியவர் ஒருவரேனும் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். பிடிபட்டவனின் உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குச் செய்தி சொல்ல வேண்டும். காவலில் உள்ளவனை 48 மணிக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்பதோ அரசியல் சட்டத்தின் 22-ஆம் உறுப்பிலேயே உள்ளது. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் வேண்டுமென்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் மீண்டும் வற்புறுத்திற்று. வறியவர்க்கும் காவலில் உள்ளோர்க்கும் கட்டணமில்லாச் சட்ட உதவி தருவதற்கு 1987-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணில் அதைக் கேட்கலாம்.

இவற்றுள் 'அவ்வட்டாரத்து மதிப்புக்குரியவர் ஒருவர்' என்ற தொடரில் நம் கண் நின்றுவிட்டது. சட்டம் தேடிய அந்த ஒருவர் நாம்தாம். தெலுங்கு தெரியும்; முகவரி உண்டு; பதவி உண்டு. 'இவனை எனக்குத் தெரியும்' என்ற ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவன் கை எழுந்திருக்கும் என்று உறுதி கூற இயலாது. சொல்லவில்லை என்பது மட்டும் உறுதி.

காவலர் எல்லாரையும் பழிப்பது நம் கருத்தன்று. ஓய்வின்றி உழைத்துத் தெருவைக் காக்கும் நல்லோர் அத்துறையில் பலர். 'விசாரணை'யில் மொழிபெயர்த்துக் காத்தவரும் காவலரே. 'தி ஷீல்டு' நாடகத்திலும், விக் மக்கியின் குற்றங்களை விடாது தொடர்ந்தவர் கிளாடெட் என்னும் காவல் தலைவியே. நல்ல காவலருக்குத் துணை நிற்பதும் மதிப்புக்குரியவர் அங்கே போய் நிற்பதுதான். பார்க்க ஆள் இருக்கும் அறையில் பிரம்பு எளிதில் எழுவதில்லை.

மறுநாள் இரவு இறுதிப் பகுதியைப் பார்த்தோம். காவல் தலைவி, விக் மக்கியின் முன் சில படங்களை வைக்கிறார். அவன் தோழருள் ஒருவன் தன் மனைவியையும் குழந்தையையும் கொன்று தானும் மாண்டுபோன படங்கள். கைவிட்ட மற்றொரு தோழனை அவன் கண்முன்னே விலங்கிட்டு இழுத்துச் செல்கின்றனர். மனைவியும் மக்களும் அவன் அறியாத ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு விடுகின்றனர். அவனுக்குச் சிறையில்லை. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, ஒரு மேசையின் முன் அமர்ந்து, நாள்தோறும் அறிக்கை எழுதவேண்டும். "இது போதுமான தண்டனையா, அப்பா?" என்று மகள் கேட்டாள். "போதாது" என்றோம். செய்ததைச் சொல்லிவிடுவது வேறு. அதற்காக வருந்துவது வேறு. அவன் சொன்னான், வருந்தியதாகத் தெரியவில்லை.

அப்படிச் சொல்லும்போதே, நாம் இன்னும் சொல்லக்கூட இல்லையே என்ற எண்ணம் வந்தது. தொலைக்காட்சியை அணைத்தோம். தாயாரின் அருகில் அமர்ந்து, இளையவன் வந்து கதவைத் தட்டியதையும், நாம் போகாததையும், ஏன் போகவில்லை என்பதையும் சொன்னோம். பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தனர்.

தாயார் கோபிக்கவில்லை. "எனக்குத் தெரியும். அன்னிக்கு நான் உள்ளே முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நானும் எழுந்து வந்து 'போடா'ன்னு சொல்லலியே" என்றார். இத்தனை ஆண்டும் அவர் அதைத் தம் கணக்கில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்!

சங்கத்தாருக்கு நம் வேண்டுகோள் இதுதான். அடுத்த மாதக் கூட்டத்தில், பகுதிக்கு இருவர் எனப் பெயர் எழுதி, நம் ஊர்த் தொழிலாளர் கையில் அத்தொலைபேசி எண்களைக் கொடுப்போம். இரவில் அழைத்தால் எழுந்து வருவோர் மட்டும் பெயர் தரட்டும். காவல் நிலையத்தில் வாதாட வேண்டியதில்லை, சண்டையிட வேண்டியதில்லை. போய் நின்று, தெலுங்கில் பணிவாக, 'இவனை எனக்குத் தெரியும். கைதுக் குறிப்பில் நான் கையொப்பமிடுகிறேன்' என்று சொன்னால் போதும்.

தார்நாகா பகுதிக்கு முதற் பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் பெயரை நம் மகள் தந்திருக்கிறாள்.